காலையில் தார், ராத்திரி கீத்மாலா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தர்மேந்திரா இறந்த சமயம் நீங்கள் அவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அடுத்த வாரமே இந்த வாசகர் கடிதப் பகுதியில் தக்கலைக்காரர் ஒருவர், இந்தி நடிகர் செத்ததற்குத் தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கமா, அந்த இடத்தில் தோவாளை சந்தையில் பிச்சிப்பூ என்ன விலை என்று போட்டிருந்தாலாவது நாலு பேருக்கு உபயோகம் என்று எழுதியிருந்தார். பூ விலை போடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, தாராளமாகப் போடுங்கள். ஆனால் கடைசி வரியில், ‘இவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டிருந்தாரே, அதைப் படித்ததிலிருந்து பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கை நடுக்கம் இருப்பதால் பேரனிடம் சொல்லிச் சொல்லி அடிக்க வைக்கிறேன். அவன் நடுவில் ரெண்டு தடவை எழுந்து போய்விட்டான், அதனால் கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாகர்கோவில் கோட்டாறில் நாற்பது வருஷத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் செய்தவன். 1964இல், பதினாறு வயதில், ஒரு ஆசானிடம் வேலை படிக்கச் சேர்ந்தேன். சிலம்பமும் வர்மமும் சொல்லித் தருகிறவரைத்தான் எங்கள் பக்கம் ஆசான் என்பார்கள், ஆனால் எங்களுக்கு ரேடியோக் கடைக்காரரும் ஆசான்தான். வால்வு செட் காலம், உள்ளே கண்ணாடிக் குழல் மாதிரி வால்வுகள் சூடானால்தான் சத்தம் வரும். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும், தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரிப்பேர் முடிந்ததும் செட் உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று பார்க்க ஆசானிடம் ஒரு சோதனை உண்டு. திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ எடுத்தால் போதாது. கொழும்புத் தமிழ் ஒலிபரப்பையும் கணக்கில் சேர்க்கமாட்டார், அது தகர டப்பாவில்கூடக் கேட்கும் என்பார். இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பை எடுத்துக் காட்டவேண்டும். அது சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ், முள் 41 மீட்டர்ப் பக்கம் நிற்கும். கொழும்பு நமக்கு முந்நூறு கிலோமீட்டர் போலத்தான் வரும், டெல்லியைவிட எவ்வளவோ பக்கம். ஆனால் சிற்றலைக்கு ஒரு குணம் உண்டு, மேலே போய் முட்டித் திரும்பித் தூரத்தில் விழும், பக்கத்தில் இருக்கிறவனைத் தாண்டிப் போய்விடும். பம்பாய்க்காரனுக்குத் தெளிவாகக் கேட்கிற பாட்டு நமக்கு ஒரு நாள் நன்றாகக் கேட்கும், ஒரு நாள் கடல் இரைச்சலோடு கேட்கும், ஒரு நாள் கேட்கவே கேட்காது. ‘கொழும்பு இந்தியை இழுக்குதா பாரு மக்கா, அதை இழுத்துட்டா உலகத்துல எதையும் இழுக்கும்’ என்பார் ஆசான். ஆக, முதலில் எனக்கு முகமது ரஃபி என்றால் ஒரு டெஸ்டிங் சமாச்சாரம். அவர் குரல் கரகரக்காமல் வந்தால் செட்டை மூடி ஸ்குரூ போடலாம், அவ்வளவுதான்.

இந்திப் பாட்டுக்கு ஏன் கொழும்பைப் பிடித்துத் தொங்கவேண்டும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கலாம். 1952இல் மத்திய மந்திரியாக இருந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரமில்லாதது என்று சொல்லி ஆல் இந்தியா ரேடியோவில் அதற்குக் கதவைச் சாத்தினார். அதே வருஷம் இலங்கை வானொலியில் பினாகா கீத்மாலா தொடங்கியது. ஒரு பற்பசை விளம்பரத்துக்காக வந்த இந்திப் பாட்டு நிகழ்ச்சி, புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, அறிவிப்பாளர் அமீன் சயானி ‘பெஹ்னோ அவுர் பாயியோ’ என்று தொடங்கினால் வடக்கே தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காதாம். 1957 அக்டோபரில் டெல்லி சினிமாப் பாட்டுப் போட விவித் பாரதியை ஆரம்பித்துத் தப்பைத் திருத்திக்கொண்டது. அதற்குள் ஜனங்கள் கொழும்புக்குப் பழகிவிட்டார்கள்.

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன். 1965 ஜனவரி கடைசி, இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் கொழுந்துவிட்டு எரிகிறது. மற்ற ஊர்களில் பையன்கள் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இருந்த இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். நாகர்கோவிலில் அதற்கு வழி இல்லை, ஏனென்றால் எங்களுக்கு ரயிலே கிடையாது, 1979இல்தான் வந்தது. அதனால் எங்கள் பையன்கள் போஸ்ட் ஆபீஸ் போர்டுக்குப் போனார்கள். (அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், அதைப் புதுப்பிப்பதும் அதே போஸ்ட் ஆபீஸில்தான், அது வேறு கதை.) நானும் பின்னால் நின்று தார் டப்பாவைப் பிடித்திருக்கிறேன். அதில் எனக்கு அன்றும் வெட்கம் இல்லை, இன்றும் இல்லை. அன்று புதன்கிழமை. ராத்திரி ஏழே முக்காலுக்கு வழக்கம்போல அதே பையன்களில் மூன்று பேர் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள், ஒருவன் விரலில் தார் இன்னும் போகவில்லை. ஆசான் கண்ணாடிக்கு மேலே பார்த்து, ‘காலம்பற தாரு, ராத்திரி கீத்மாலாவா? என்னலே இது?’ என்று கேட்டார். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: ‘அது வேற, இது வேற ஆசானே. சத்தத்தைக் கூட்டுங்க.’

தக்கலை நண்பருக்கு என் பதில் இதுதான், இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. எனக்கு இந்தி இன்றும் தெரியாது. பாட்டில் அடிக்கடி வரும் சொல் பத்துப் பதினைந்து தெரியும். தில் தெரியும், தர்த் தெரியும், சாந்த் என்றால் நிலா என்று தெரியும். இதை வைத்துக்கொண்டு டெல்லியில் ஒரு சாயா வாங்க முடியாது.

அவர் கேட்ட மாதிரியே சொந்தபந்தம் பார்க்கவேண்டும் என்றாலும் பார்க்கலாம். தர்மேந்திரா கட்டிக்கொண்ட ஹேமமாலினி தஞ்சாவூர்ப் பக்கம் அம்மன்குடியில் பிறந்தவர், அப்படிப் பார்த்தால் அரைப் பக்கம் போட்டது நம் வீட்டு மருமகனுக்கு. வஹீதா ரஹ்மான் பிறந்தது செங்கல்பட்டு, இந்திக்குப் போவதற்கு முன் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பாட்டுக்கு ஆட வந்தவர், 2021ஆம் வருஷத்துக்கான தாதா சாகேப் பால்கே விருது அவருக்குத்தான் கிடைத்தது. வைஜயந்திமாலா மெட்ராஸ். ராஜ் கபூரோடு 1960இல் கங்கைக் கரைப் படத்தில் நடித்த பத்மினி திருவனந்தபுரம், அவர் பிறந்த காலத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டமும் அதே திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1இல்தான் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் இப்படி ஊரும் குலமும் விசாரித்து உறவு கொண்டாடுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. திலீப் குமாரும் ராஜ் கபூரும் பிறந்தது பேஷாவரில். அந்த ஊர் இன்று நம் நாட்டிலேயே இல்லை. எந்த முறை சொல்லி அவர்களைக் கூப்பிடுவது? கூப்பிடவேண்டாம், பாட்டு பிடித்தது, படம் பிடித்தது, போதாதா?

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள், ஏனென்றால் இதை ஒரு மெக்கானிக்தான் சொல்லமுடியும். கோயில் திருவிழாவிலோ சந்தையிலோ பாம்பாட்டி மகுடி எடுத்தால் ஒரு மெட்டு வாசிப்பான், உங்களுக்கு இப்போதே காதில் ஓடும். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரனும் அதை வாசிப்பான், நாலு பேர் கைக்குட்டையை வாயில் கவ்விக்கொண்டு பாம்பு மாதிரி நெளிவார்கள். அது பரம்பரை மகுடி ராகம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது 1954இல் வந்த ‘நாகின்’ படத்து மெட்டு, வைஜயந்திமாலா ஆடியது, இசை ஹேமந்த் குமார். அதைவிடப் பெரிய வேடிக்கை, அந்தப் படத்தில் கேட்பது மகுடியே இல்லை. கிளாவியோலின் என்று ஒரு கருவி, சின்னதாகக் கட்டை வைத்தது, உள்ளே இருப்பது நம் ரேடியோவில் இருக்கிற அதே மாதிரி வால்வு. அதை வாசித்தவர் கல்யாண்ஜி, பிற்பாடு தம்பி ஆனந்த்ஜியோடு சேர்ந்து கல்யாண்ஜி ஆனந்த்ஜி என்று பெரிய இசையமைப்பாளரானாரே, அவர்தான். கூடவே ஆர்மோனியம் வாசித்தவர் ஹேமந்த் குமாரின் உதவியாளர் ரவி. ஆக பம்பாயில் ஒருவர் வால்வு வைத்து மகுடி மாதிரி ஒரு சத்தம் உண்டாக்கினார், அதைக் கேட்டு நிஜப் பாம்பாட்டி சுரைக்குடுக்கையில் அதையே வாசிக்கப் பழகிக்கொண்டான். இது தெரிந்த அன்று கடையில் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தவித்துப்போனேன், வந்தவரெல்லாம் செட் எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள்.

அந்த ரவியை இங்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் தெரியாதவர் கிடையாது, தங்களுக்குத் தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. 1986இல் ‘நகக்ஷதங்கள்’ வந்தபோது மார்த்தாண்டத்தில் சாயாக்கடைக்குச் சாயாக்கடை அந்தப் பாட்டுதான், சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த பாட்டு. இசை யார் என்று பார்த்தால் பாம்பே ரவி. ‘வைஷாலி’யும் ‘ஒரு வடக்கன் வீரகாதா’வும் அவரே. அறுபதுகளில் ரஃபிக்கும் ஆஷாவுக்கும் மெட்டுப் போட்டுவிட்டு, இந்தியில் கைவிட்ட பிறகு மலையாளத்தில் இன்னொரு வாழ்க்கை வாழ்ந்தார். மலையாளப் படத்தை அரைத் தமிழும் அரை மலையாளமுமாக ரசிக்கிற நம் மாவட்டத்துக்கு வேறு எந்த மாவட்டத்துக்கும் இல்லாத ஒரு வசதி இது. ‘செம்மீன்’ படத்துக்கு இசை சலில் சௌத்ரி, அதில் மன்னா டே பாடிய பாட்டைக் குளச்சல் கடற்கரையில் ஒரு வள்ளக்காரர் வலை பிரித்துக்கொண்டே பாடக் கேட்டிருக்கிறேன். அந்த சலில்தான் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ படத்தில் எஸ்.பி.பி. பாடிய பாட்டுக்கும் மெட்டுப் போட்டவர், அதே மெட்டில் இந்தி ‘ஆனந்த்’ படத்தில் லதா பாடியிருக்கிறார். தலத் மஹ்மூத் 1977இல் ‘த்வீப்’ என்ற மலையாளப் படத்தில் பாபுராஜ் இசையில் கடலைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடினார். அந்த மனுஷனுக்குக் குரலிலேயே ஒரு நடுக்கம் உண்டு, ஆரம்பத்தில் அது குறை என்று நினைத்துப் பயந்தாராம். சங்குத்துறை கடற்கரையில் சாயந்திரம் உட்கார்ந்து அதைக் கேட்டால், ஏன் அந்த நடுக்கத்துக்காக ஊரே கிறங்கியது என்று விளங்கும்.

தமிழுக்கு வந்தாலும் இதே கதைதான். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுவார்களே, பி.எஸ். வீரப்பா ‘சபாஷ், சரியான போட்டி’ என்பாரே, அந்தப் பாட்டுக்கு இசை சி. ராமச்சந்திரா. 1963இல் டெல்லியில் நேரு முன்னால் லதா பாடிய, சீனப் போரில் இறந்த நம் வீரர்களுக்கான பாட்டும் அவர் மெட்டுதான். லதாவின் தமிழ் என்றால் எல்லோரும் 1988 ‘சத்யா’வைச் சொல்வார்கள். அதற்கு முப்பது வருஷம் முன்பே இசையமைப்பாளர் நௌஷாத் தன் இந்திப் படத்தைத் தமிழில் ‘வானரதம்’ என்று கொண்டுவந்தபோது கம்பதாசன் வரிகளை லதா தமிழில் பாடியிருக்கிறார்.

ஏ.எம். ராஜாவைச் சொல்லாமல் விட்டால் ஆசான் மேலே இருந்து திட்டுவார். ராஜ் கபூரின் ‘ஆஹ்’ 1953இல் ‘அவன்’ என்று தமிழ் பேசி வந்தபோது, சங்கர் ஜெய்கிஷன் மெட்டுகளை ராஜாவும் ஜிக்கியும் தமிழில் பாடினார்கள். ராஜ் கபூர் வாயசைக்க ராஜா குரல் வரும், வெண்ணெயை உருக்கி ஊற்றின மாதிரி. அந்த ராஜா 1989 ஏப்ரலில் நம் மாவட்டத்துக் கோயில் ஒன்றில் கச்சேரி செய்ய வரும் வழியில் வள்ளியூர் ரயில் நிலையத்தில் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். நாகர்கோவிலுக்கு ரயில் வந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. இன்றைக்கும் ரயிலில் போகும்போது வள்ளியூர் வந்தால் நான் ஜன்னல் பக்கம் பார்க்கமாட்டேன்.

ரஃபி இறந்தது 1980 ஜூலை 31. அப்போது ஆசான் இல்லை, கடை என் பொறுப்பு, வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. மூன்றாவது நாள் காலையில் இடலாக்குடியிலிருந்து ஒரு பாய் செட்டைக் கொண்டுவந்தார். நோன்பு மாசம், முகம் வாடியிருந்தது. ‘தம்பி, ரெண்டு நாளா எல்லாப் பாட்டும் அழுத மாதிரி வருது. பேட்டரி புதுசு. ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும், பாருங்க’ என்றார். திறந்து பார்த்தேன். ஸ்பீக்கர் பேப்பரில் ஒரு கீறல் இல்லை, எல்லாம் சரியாக இருந்தது. ரெண்டு இடத்தில் சும்மா சோல்டரிங் அயனை வைத்து எடுத்தேன், தூசு தட்டி மூடினேன், வைத்துக் காட்டினேன். விவித் பாரதியில் ரஃபிதான் ஓடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, ‘இப்ப கொள்ளாம்’ என்றார். காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, ரெண்டு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த பாய்க்கும் இந்தி தெரியாது, தமிழும் குர்ஆன் ஓதுகிற அளவுக்கு அரபும்தான்.

இப்போது உங்கள் பேப்பர்மேல் எனக்குள்ள குறை. தக்கலை நண்பர் அரைப் பக்கம் ஜாஸ்தி என்கிறார், எனக்கு அந்த அரைப் பக்கத்தில் இருந்தது குறைச்சல். தர்மேந்திராவை ‘ஆக்‌ஷன் நாயகன்’ என்று ஐந்து இடத்தில் எழுதினீர்கள், ‘ஷோலே’ படம் பெரிசாகப் போட்டீர்கள், சரி, நாகர்கோவிலில் நானே அதை மூன்று தடவை பார்த்தவன். ஆனால் ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கத்தில் 1969இல் அவர் நடித்த ‘சத்யகாம்’ பற்றி ஒரு வரி இல்லை. பொய் சொல்லத் தெரியாத ஒரு மனுஷன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கிறான் என்ற கதை. கே. பாலசந்தர் அதைத்தான் ஜெமினி கணேசனை வைத்து ‘புன்னகை’ என்று எடுத்தார். தமிழ் வாசகனுக்கு எழுதுகிறவர் இதை அல்லவா முதலில் சொல்லவேண்டும்? அடிதடிக்கு ஆள் நிறையப் பேர் இருந்தார்கள், ‘சத்யகாம்’ மாதிரி நடிக்க தர்மேந்திராவாலேயே அதற்கப்புறம் முடியவில்லை, இது என் அபிப்பிராயம்.

அப்புறம், 2024ஆம் வருஷம். தலத் மஹ்மூத், மதன் மோகன், ராஜ் கபூர், ரஃபி, நாலு பேருக்கும் அது நூற்றாண்டு. ஒரே வருஷத்தில் பிறந்த நாலு பேர். அதே வருஷம் பிப்ரவரியில் அமீன் சயானி 91 வயதில் போய்ச் சேர்ந்தார். எதுவும் உங்கள் பேப்பரில் என் கண்ணில் படவில்லை. ரஃபியின் நூறாவது பிறந்தநாள் டிசம்பர் 24, அன்று பெரியாருக்கும் எம்.ஜி.ஆருக்கும் நினைவுநாள், மறுநாள் கிறிஸ்துமஸ், நம் மாவட்டத்தில் பேப்பர் முழுக்க நட்சத்திரமும் கேக் விளம்பரமுமாக இருக்கும், இடம் கிடைக்காதது புரிகிறது. ஆனால் பிப்ரவரியில் தலத்துக்கு என்ன தடை? 2025 ஜூலையில் நடிகர், இயக்குநர் குரு தத்துக்கு நூறு வந்தபோதும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி, அதிலும் பாட்டுகளைச் சொல்லியிருந்தீர்கள், இசையமைத்த எஸ்.டி. பர்மன் பெயர் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நடிகரைப் பற்றி எழுதினால் பாடியது யார் என்று ஒரு வரி, மெட்டுப் போட்டது யார் என்று ஒரு வரி. முடிந்தால் வாசித்தது யார் என்று இன்னொரு வரி. ‘ஆராதனா’வில் ராஜேஷ் கன்னாவும் ஷர்மிளா தாகூரும் குளிர் காய்கிற பாட்டில் அக்கார்டியன் கெர்சி லார்ட், சாக்ஸபோன் மனோகரி சிங். அந்த ரெண்டையும் எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் மிச்சம் நெருப்பு மட்டும்தான். ஸ்டூடியோவில் நாற்பது பேர் உட்கார்ந்து வாசித்தார்கள், இசைத்தட்டு உறையில் அவர்கள் பெயர் வந்ததே இல்லை. ஸ்பீக்கரில் காது வைத்தே வயிறு வளர்த்தவன் என்பதால் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பாசம் கூடுதல்.

கடைசியாக ஒன்று. தக்கலை நண்பர் முகவரி உங்களிடம் இருக்கும். ஆசானின் மர்ஃபி செட் என் வீட்டில் இருக்கிறது, இன்னும் வேலை செய்கிறது. கொழும்பிலிருந்து பழையபடி இழுப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் பேரன் பின்னால் ஒரு ஒயர் கொடுத்து போனிலிருந்து பாட்டு வருகிற மாதிரி செய்து தந்திருக்கிறான், சத்தம் என்னவோ அதே சத்தம்தான். ஒரு புதன்கிழமை சாயந்திரம் அவரை வரச்சொல்லுங்கள், ரசவடையும் சாயாவும் வாங்கி வைக்கிறேன். எட்டு மணிக்குப் பாட்டு வேண்டும் என்றால் செட்டை ரெண்டு நிமிஷம் முன்னாலேயே போடவேண்டும், வால்வு சூடாகணும். வரும்போது பூ விலையையும் விசாரித்துக்கொண்டு வரட்டும், வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவன்,
கோட்டாறு, நாகர்கோவில்